அம்மம்மாவின் சீ.ஆர். கொப்பி

அன்பான ஊரவர்களுக்கு,

சென்ற மாதம் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து சின்னம்மா ஒரு பொதி அனுப்பியிருந்தார். வீடு திருத்தும்போது பழைய அலுமாரியின் அடித்தட்டில் கிடந்ததாம். உள்ளே அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி, ஓரம் தேய்ந்த வேதப்புத்தகம், பொலித்தீன் பையால் இரண்டு சுற்றுச் சுற்றிய ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். கொப்பியைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அதில் இருப்பது நீங்கள்தான்.

கிறிஸ்தவர் என்பதால் உங்களில் பலருக்கு அவர் ‘வேதக்கார ரீச்சர்’. 1946 முதல் 1983 வரை நமது ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழகத் தொடங்கும் அரிவரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அவர் கையைப் பிடித்துத்தான் உங்களில் பாதிப்பேர் ‘அ’ எழுதினீர்கள். எனக்கு அவர் அம்மம்மா மட்டுமல்ல, தாயும் அவர்தான். அப்பா ஜேர்மனிக்குப் போய், பின்னால் அம்மாவும் போய், என்னைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் சரிவர ஆண்டுக்கணக்காகிவிட்டது. அந்தக் காலம் முழுவதும் தலை வாரி விட்டதும், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்ததும், இரவில் பக்கத்தில் படுத்ததும் அவர்தான்.

அவர் பிறந்தது 1924இல். படித்தது உடுவில் மகளிர் பாடசாலையில், விடுதியில் தங்கி. ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் அதைத் தொடங்கியது 1824. “பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதான ஆண்டில் நான் பிறந்தேன்” என்று சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு பெருமை வரும். எலைசா அக்னியூ அம்மையாரின் கதையை அவர் சொல்லி நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! 1840இல் அமெரிக்காவிலிருந்து வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் படிப்பித்து, ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடியவர். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். விடுமுறை வந்தால் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடி ஊர் ஊராகப் போவாராம். அம்மம்மா கதையை எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். படிப்பித்து முடிந்ததும் பிள்ளையை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மூடி மறைக்க எனக்கு மனமில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் (பெஞ்சில்) இருத்த வேண்டும் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அம்மம்மா வேலைக்கு வந்த 1946இலும் நமது பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் நிலத்தில்தான் இருந்தார்கள். காலையில் வேதம் வாசிக்கும் பள்ளிக்கூடத்திலேயே அப்படி. முதல் தவணையிலேயே அவர் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தினார். கட்டையான பிள்ளைகள் முன்வாங்கு, நெட்டையான பிள்ளைகள் பின்வாங்கு. அதற்கு யாரும் வாய் திறந்து காரணம் கேட்க முடியவில்லை.

தண்ணீர்ப் பானைதான் பெரிய சிக்கல். பானையைத் தன் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஒரே மூக்குப்பேணியால், பிள்ளைகளை அண்ணாந்து நிற்கச் சொல்லி, எல்லாருக்கும் தன் கையாலேயே வார்த்தார். நான்கு வீட்டார் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். பின்னேரங்களில் அந்த வீடுகளுக்கு நடந்து போனார். ஒரு வீட்டில் படலையைத் திறக்கவே இல்லை. வெளியே நின்றபடி, “இன்றைக்கு ‘க’ எழுதினோம், பிள்ளையை மண்ணில் நாலு தரம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்” என்று அன்றைய பாடத்தைச் சொல்லிவிட்டுத் திரும்புவார். அடுத்த நாளும் போவார், அடுத்த பாடத்தைச் சொல்வார். மூன்றாம் கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்தது. வேலிக்கு உள்ளே இருந்து எல்லாப் பாடத்தையும் மண்ணில் எழுதியிருந்தது. இதை எனக்குச் சொன்னவர் அந்தப் பிள்ளையேதான். இன்று அவர் ஒரு முதியவர்; இந்த மடலையும் வாசித்துக்கொண்டிருப்பார்.

சேலைத் தலைப்பின் உட்பக்கம் அவர் எப்போதும் ஓர் ஊசி குத்தி வைத்திருப்பார், வெள்ளை நூல் கோத்தபடி. தெறி அறுந்த சட்டையோடு வருகிற பையனை மேசைக்கு அழைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லாமல், நின்ற நிலையிலேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்து விடுவார். கழற்றச் சொன்னால் உள்ளே பெனியன் இல்லாதது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமல்லவா. தைக்கும்போது அந்தப் பையனிடம் வாய்ப்பாடு கேட்பார். வாய்ப்பாடு முடியவும் தெறி தைத்து முடியவும் சரியாக இருக்கும்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்க நமது சைவ வீடுகளிலிருந்து பிள்ளைகளை அவரிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடுவார். அவர் யாரிடம் என்ன கேட்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

1960இன் கடைசியில் சட்டம் வந்து மிஷன் போன்றவை அரச உதவிப் பணத்தோடு நடத்திய உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. உடுவிலும் யாழ்ப்பாணக் கல்லூரியும் தனியார் பாடசாலைகளாக நின்றன. நமது ஊர்ப் பள்ளிக்கூடம் போன்றவை அரசிடம் போயின. அவர் கீர்த்தனை பாடித் தொடங்கி வைத்த மண்டபத்தில் காலை வழிபாட்டுக்குத் தேவாரம் வந்தது. அது அவருக்கு வலித்திருக்கும் என்று நான் ஒருமுறை கேட்டேன். வலித்தது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே தேவாரத்தில் பிள்ளைகளின் ழகரத்தையும் ளகரத்தையும் திருத்தத் தொடங்கிவிட்டாராம். “கடவுளிடம் பேசும்போது பிழையாகப் பேசலாமா?” என்பதுதான் அவருடைய காரணம். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் என்பதையும் சேர்த்துச் சொல்வார். தமிழ் அவருக்கு அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன்.

1990 ஜூனில் சண்டை மூண்டு பலாலிப் பக்கத்திலிருந்து ஷெல் விழத் தொடங்கியதும் ஊர் எப்படிக் கலைந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எட்டு வயது. ஒரு சைக்கிளும் இரண்டு பைகளும் நாங்களும் மானிப்பாய்க்கு வந்து சேர்ந்தோம். ஒரு கிழமைக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு மாதம் கழிந்ததும் அம்மம்மா கடைக்குப் போய் இந்தக் கொப்பியை வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் வரவு எழுதும் இடாப்புகள் எல்லாம் ஊரில் கிடந்தன. அவற்றை இனி யாரும் எடுக்கப் போவதில்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஓர் ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று கோடு கிழித்து, 1946இலிருந்து தன்னிடம் அரிவரி படித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். வாங்கு வாங்காகத்தான் நினைவு வரும். கண்ணை மூடி, “யன்னல் ஓரம் யார், அதற்குப் பக்கத்தில் யார்” என்று விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எழுதி முடிக்க நான்கு மாதம் எடுத்தது. முப்பத்தெட்டுப் பக்கங்கள், 743 பெயர்கள்.

பெயர்கள் பேனாவால், இப்போது இருக்கும் இடம் பென்சிலால். மல்லாகம், பண்டத்தரிப்பு, வவுனியா, கொழும்பு, பாரிஸ், ஒஸ்லோ, ஸ்காபரோ. சந்தையில், தேவாலயத்தில், சங்கக்கடை வரிசையில் யாரைக் கண்டாலும் அவர் கேட்கும் முதற்கேள்வி “இன்னார் இப்போது எங்கே?” என்பதுதான். வந்து அழிறப்பரால் பழைய இடத்தை அழித்துப் புதியதை எழுதுவார். சிலருடைய இடம் ஏழெட்டுத் தரம் அழிக்கப்பட்டு, தாள் அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவுமளவு மெலிந்து போயிருக்கிறது.

விடியப்புறம் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அமுக்கி, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. அதன் முன்னால் முழங்காலில் நின்று ஒரு பக்கத்தை வாசிப்பார், ஒரு நாளைக்கு ஓர் ஆண்டு. பெயர், இருக்கும் இடம், ஒரு சின்ன மௌனம், அடுத்த பெயர். இடாப்புக் கூப்பிடுகிற அதே குரல். நான் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடப்பேன். முப்பத்தெட்டு நாளில் ஒரு சுற்று முடியும், மறுநாள் திரும்பவும் 1946. உங்களில் சிலரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் எந்தப் பெயருக்குப் பிறகு எந்தப் பெயர் வரும் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம்.

இறந்துபோனவர்களின் பெயர்களையும் அவர் வாசித்தார். போராட இயக்கத்துக்குப் போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள், பிடித்துக்கொண்டு போய்த் தடயமே இல்லாமல் போனவர்கள், எல்லாரையும். ஒருமுறை நான் கேட்டேன், செத்துப்போனவர்களை வெட்டிவிட்டால் என்ன என்று. குழந்தைக் கேள்விதான். “இடாப்பில் பெயர் வெட்டுவது தலைமையாசிரியரின் வேலை. நான் வகுப்பு ரீச்சர்” என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவருக்கு எழுபத்தொரு வயது. மழை. ஓர் அடி எடுத்து வைத்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். மாற்றுச் சேலை இருந்த பையை வழியில் ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் கொப்பியை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் சேலைக் கொய்யகத்துக்குள் செருகியிருந்தார். அட்டையின் ஒரு மூலையில் இப்போதும் நீர்க்கறை இருக்கிறது. கொடிகாமத்தில் நாங்கள் ஒதுங்கிய பாடசாலையில், மூன்றாம் நாள், விறாந்தையில் பிள்ளைகளைக் கூட்டி இருத்திவிட்டார், உயரப்படி.

போர் நிறுத்தக் காலத்தில், 2003இல், ஏ9 வீதியால் நான் அவரைப் பார்க்கப் போனேன். ஊர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததால், அவர்கள் விட்ட இடம் வரைக்கும்தான் போக முடிந்தது. முள்கம்பி, மண் அணை, அதற்கப்பால் பற்றை. நமது ஒழுங்கை அங்கிருந்து தெரியாது. அவர் வெயிலில் நின்று கையை நீட்டி, சந்தியிலிருந்து வீடு வீடாகச் சொன்னார்: சங்கடப்படலை வைத்த வீடு, இரட்டைப் பனை வீடு, கிணற்றடியில் எலுமிச்சை நின்ற வீடு... ஒரு வீடு விடாமல் பள்ளிக்கூடம் வரை வந்து நிறுத்தினார். நான் அழுதேன். அவர் அழவில்லை. “காட்டியாயிற்று, போகலாம்” என்றார்.

2011இல், எண்பத்தேழாவது வயதில் போய்ச் சேர்ந்தார். காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது அவர் இல்லை. பெட்டியைத் தூக்கியவர்களில் திருநீறு பூசிய நெற்றிகளே கூடுதல்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொப்பியில் 58 பேருக்கு இருக்கும் இடம் எழுதப்படவில்லை. கடைசி ஆண்டுகளில் கண் மங்கியதால் விட்டவை சில, கடைசிவரை செய்தி கிடைக்காதவை சில. 1957ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஆறு பேர். 1971இல் நாலு பேர். 1978இல் மட்டும் பதினொரு பேர். அந்தப் பிள்ளைகளுக்கு 1990இல் பதினேழு வயது. பெயர்களைப் பொதுவில் போட நான் விரும்பவில்லை. நீங்கள் அரிவரி படித்த ஆண்டை எனக்குத் தனியாக எழுதினால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். உங்களுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தவர் இப்போது எங்கே என்று தெரிந்தால் சொல்லுங்கள். இல்லை என்பது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பொதிக்குள் அவருடைய பென்சிலும் இருந்தது. அதைச் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரீச்சரின் பேத்தி
ரொறன்ரோ