மாமிக்குக் குளியல் கதிரை தேடியபோது கண்டவை

மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்த பிறகு, சாப்பாட்டையும் மருந்தையும் விட எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது குளிப்புத்தான். வீடு யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம். காலம் முழுக்கக் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி முழுகிப் பழகியவர். கட்டிலில் வைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டால், “உது குளிப்பே பிள்ளை?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். இதே தேவை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் மச்சாள் பாசத்தோடு நீளமான குளியல் வாங்கு (பெஞ்ச்) ஒன்று அனுப்பினார். நல்ல சாமான்தான். ஆனால் அது குளியல் தொட்டி உள்ள வீட்டுக்கானது. இரண்டு கால் தொட்டிக்குள்ளே, இரண்டு கால் வெளியே நிற்கும். ஆள் வெளியில் இருந்து மெல்ல அரக்கி உள்ளே போகவேண்டும். நம்முடைய குளியலறையில் தட்டைத் தரை, ஒரு பைப், ஒரு வாளி. வாங்கைப் போட்டால் உதவிக்கு நிற்பவருக்கு இடமில்லை. வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கும்போது குளியலறையைப் படம் எடுத்து, உள் அளவையும் கதவின் அகலத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அப்புறம் அலுமினியக் கதிரை ஒன்று வாங்கினோம். முதுகுச் சாய்வு, இரண்டு பக்கமும் கைப்பிடி, தண்ணீர் வடிய இருக்கையில் துளைகள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற கால்கள். இருந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படவேண்டும் என்று மாமிக்குக் கை கால் பயிற்சி கொடுத்த பிள்ளை சொன்னார். தாழ்வாக இருந்தால் எழும்ப முடியாது, உயரமாக இருந்தால் முன்னுக்கு வழுக்கிவிடும். சாதாரண பிளாஸ்டிக் கதிரையை மட்டும் தயவுசெய்து பாவிக்காதீர்கள். ஈர மாபிளில் அதன் கால்கள் விரிந்து வெடிக்கும். அயலில் ஒரு ஐயா அப்படித்தான் விழுந்தார்.

சுவரில் அழுத்தி ஒட்டுகிற கைப்பிடியையும் நம்பவேண்டாம். மாபிள் பொருத்துக்கு மேலே வந்தால் காற்றுப் புகுந்து கழன்றுவிடும்; ஆளின் பாரத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை. நாங்கள் துருப்பிடிக்காத உருக்குப் பிடியைத் திருகாணி போட்டு இறுக்கினோம். மேசன் வருவதற்கு முன் மாமியைக் கதிரையில் இருத்தி, வலக்கையை நீட்டச் சொல்லி, கை இயல்பாகப் போய்ப் பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். நான் நினைத்த இடத்தை விட அது நல்ல தாழ்வு. இடக்கைக்குப் பலம் இல்லாததால் பிடி வலப்பக்கம்தான். மேசன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, கல் பொள்ளல் இல்லாத இடம் பார்த்துத் துளைத்தார்.

நம்முடைய சுண்ணாம்புத் தண்ணீர் கதிரைக் கால்களில் வெள்ளையாகப் படியும். வினாகிரியால் துடைத்து, அடியில் இருக்கிற றப்பர் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் கூரைத் தாங்கித் தண்ணீர் கொதிக்கும். மாமியின் இடக்கால் அந்தச் சூட்டை உணராது. முதலில் நான் தொட்டுப் பார்த்து, பிறகு அவருடைய வலக்கையில் ஊற்றிக் கேட்பேன்.

நீள ஹோஸ் வைத்த கை ஷவரும் பூட்டினோம். மாமி தொடவே இல்லை. வாளியை ஒரு சின்ன முக்காலியில் வலப்பக்கம் வைத்து, பிடி உள்ள இலேசான கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்தோம். குனியாமல் தானே அள்ளித் தலையில் ஊற்றினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! ஆளால் செய்யக்கூடியதை ஆளிடமே விடுகிற சாமான்தான் எனக்குச் சரியான சாமான். முதுகும் காலும் நான் தேய்ப்பேன். மிச்சத்துக்கு வெளியே நிற்பேன். கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டோம், உள்ளே விழுந்தால் ஆளே கதவை அடைத்துவிடுவார் என்பதால்.

கால் இழந்தவர்கள் நிறைய இருக்கிற மண் இது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. ஆனால் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கிறவருக்கு ஈரத் தரையில் இருக்க ஒரு இடம் வேண்டுமே. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி கிணற்றடியிலேயே சீமெந்துத் திட்டுக் கட்டுவித்திருக்கிறார். மேற்பக்கம் சொரசொரப்பு, தண்ணீர் ஓடச் சின்னச் சரிவு, பக்கத்தில் ஊன்றிய இரும்புப் பைப். அவருடைய சில்லுக்கதிரையின் இருக்கை 19 அங்குலம், திட்டும் அதே உயரம். கையை ஊன்றி அப்படியே அரக்கி மாறிவிடுகிறார்.