மிரியாமுக்குக் குஷ்டம், ஆரோனுக்கு ஒன்றுமே இல்லையா?

ஓலைச்சுவடி:
வேதாகமப் பெண்கள் பற்றிய இழையில் பாளையங்கோட்டைக்காரன் அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: யூதர்களுக்குப் புறங்கூறுதல் பெண்களின் பாவம், அதனால்தான் எண்ணாகமம் 12-ல் மோசேயைப் பற்றி அவருடைய அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் சேர்ந்து பேசியும் மிரியாமுக்கு மட்டும் குஷ்டம் வந்தது, ஆரோன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அண்ணே, யூத ரபிகள் இந்த அதிகாரத்தை எப்படிப் படித்தார்கள் என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா? லஷோன் ஹரா என்று அவர்கள் சொல்லும் இந்தப் புறங்கூறும் பாவம் பேசுகிறவன், கேட்கிறவன், பேசப்படுகிறவன் என்று மூன்று பேரைக் கொல்லும் என்கிறது ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத். அங்கே ஆண், பெண் கணக்கு கிடையாது. ஆரோனுக்கும் குஷ்டம் வந்தது என்று ரபி அக்கிவாவே சொல்லியிருக்கிறார்.

பாளையங்கோட்டைக்காரன்:
தம்பி, ஓய்வுநாள் பள்ளியில் எண்ணாகமம் 12-ஐப் பல வருடம் நடத்தியவன் நான். ஒரே ஒரு கேள்வி. ஆரோனுக்குக் குஷ்டம் வந்தது என்று எந்த வசனத்தில் இருக்கிறது? எண் கொடுங்கள். 10-ம் வசனத்தில் மிரியாம் பெயர் இருக்கிறது. ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே அடைபட்டது மிரியாம். உபாகமம் 24:9-ல் நினைவில் வைக்கச் சொல்வதும் மிரியாமுக்கு நடந்ததைத்தான். ஆரோன் எங்கே? அக்கிவா சொன்னார், யாரோ சொன்னார் என்பதெல்லாம் வேண்டாம். வசனம்.

ஓலைச்சுவடி:
வசனம்தானே, வாங்கிக்கொள்ளுங்கள். 9-ம் வசனத்தில் கர்த்தருடைய கோபம் "அவர்கள்மேல்" மூண்டது என்று இருக்கிறது, அவள்மேல் என்று இல்லை. அக்கிவா பிடித்தது இதைத்தான், தல்மூதில் சபாத் பகுதி, 97-ம் ஏடு. கோபம் இருவர் மேலும் என்றால் அடியும் இருவருக்கும். 11-ம் வசனத்தில் ஆரோனே மோசேயிடம் நாங்கள் செய்த பாவம் என்று கெஞ்சுகிறான். குற்றவாளியே "நாங்கள்" என்கிறான், நீங்கள் இல்லை, அவள் மட்டும்தான் என்கிறீர்கள். அதே ஏட்டில் இன்னொன்றும் உண்டு. ஆரோன் மிரியாம் பக்கம் திரும்பினான் என்று வருவதை, அவன் தன் குஷ்டம் நீங்கித் திரும்பினான் என்று விளக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் மிரியாமைப் பற்றி எழுதியதையும் பாருங்கள். அவள் மோசேக்கு மூத்தவள், அவனை மடியில் வைத்து வளர்த்தவள், ஆற்றில் விட்ட குழந்தையைக் காப்பாற்றத் தன் உயிரைப் பணயம் வைத்தவள், அவள் அவனை இழிவாகப் பேசவே இல்லை, மற்றத் தீர்க்கதரிசிகளோடு அவனைச் சமமாக வைத்ததுதான் தவறு, மோசேயும் அதைப் பொருட்படுத்தவில்லை, அப்படிப்பட்டவளுக்கே இந்தத் தண்டனை என்றால் வாய்க்கு வந்தபடி பேசும் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். அவள் பெண் என்பதால் நடந்தது என்று அந்த மனிதர் எழுதவில்லை. நீங்கள் எழுதுகிறீர்கள்.

இரவுப்பறவை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லஷோன் ஹரா என்றால் பொய்யாகப் பழி சொல்வதா, உண்மையைச் சொன்னாலுமா? அதை முதலில் சொல்லிவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும். மைமோனிடிஸ் இவற்றைப் பிரித்துச் சொல்கிறார் என்று படித்த ஞாபகம்: உண்மையானாலும் ஒருவரை இழிவாகப் பேசுவது லஷோன் ஹரா, பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது வேறு, இவன் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னான் என்று கோள்மூட்டுவது வேறு.

பாளையங்கோட்டைக்காரன்:
அதெல்லாம் பிறகு பேசலாம். தம்பி 97-ம் ஏட்டைக் காட்டினார், மீதியை ஏன் மறைத்தார்? அங்கேயே ரபி யெகூதா பென் பெத்தேரா எழுந்து அக்கிவாவைக் கண்டிக்கிறார். நீ சொல்வது நிஜமானால் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) மூடிவைத்ததை நீ திறந்து காட்டினாய், நிஜமில்லை என்றால் அந்த நீதிமான் மேல் பழி போட்டாய், எப்படியானாலும் நீ கணக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார். ஆரோனுக்குக் குஷ்டம் என்று சொல்வதே லஷோன் ஹரா! அந்தப் பாவத்தைத்தான் ஓலைச்சுவடி தம்பி இரண்டு நாளாக இங்கே செய்துகொண்டிருக்கிறார். உலகத்துக்கு இறங்கிய பேச்சு பத்துப் படி என்றால் ஒன்பது படியைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னதும் உங்கள் தல்மூத்தான், கித்துஷின் பகுதி. நான் சொன்னால் மட்டும் கசக்கிறதா?

ஓலைச்சுவடி:
போன மாதம் எஸ்தர் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் கடவுளின் பெயரே வராது என்று நான் சொன்னபோதும் நீங்கள் இப்படித்தான் "எந்த வசனத்தில்?" என்று கேட்டீர்கள். இல்லாத ஒன்றுக்கு வசன எண் கேட்ட ஒரே ஆள் நீங்கள். அன்று பாதியில் காணாமல் போனீர்கள், இன்று ஓட விடமாட்டேன்.

பென் பெத்தேராவைச் சரியாகப் படியுங்கள். ஆரோனுக்கு வரவில்லை என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. வந்திருந்தாலும் சொல்லாதே என்பதுதான் அவர் பேச்சு. ஓய்வுநாளில் விறகு பொறுக்கிக் கல்லெறிபட்டவன் செலொப்பியாத் என்று அக்கிவா சொன்னபோதும் இதே கண்டனம்தான். அதாவது செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆன மனிதனின் மானத்துக்காக ஒரு ரபி இன்னொரு ரபியோடு மல்லுக்கு நிற்கிறார். அந்தச் சபையில் புறங்கூறுதல் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே தெரியவேண்டாமா? நீங்கள் இதைப் பெண்களைத் திட்ட எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

பத்துப் படியில் ஒன்பதா? சரி, மிரியாமின் அதிகாரம் முடிந்ததும் அடுத்த அதிகாரத்தைப் புரட்டுங்கள். பன்னிரண்டு வேவுகாரர்கள், அவர்களில் பத்துப் பேர் கானானைப் பற்றி அவதூறு பரப்பினார்கள், பத்துப் பேரும் ஆண்கள், ஒவ்வொருவனும் தன் கோத்திரத்தில் தலைவன். அதன் விலை ஒரு தலைமுறை முழுவதும் வனாந்தரத்தில் செத்தது, நாற்பது வருடம். மிரியாமுக்கு நடந்ததைக் கண்டும் இவர்கள் பாடம் கற்கவில்லை, அதனால்தான் இரண்டு கதைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்கிறார் இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி. தோவேக்கு யார், பெண்ணா? தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்தார் என்று அகிமெலேக்கைப் பற்றிச் சவுலிடம் போய்ச் சொன்னான், 85 ஆசாரியர்கள் ஒரே நாளில் செத்தார்கள், நோபு ஊரே பெண்கள், குழந்தைகள், ஆடுமாடு என்று அழிந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. இரவுப்பறவை கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்.

பாளையங்கோட்டைக்காரன்:
தோவேக்கு சவுலின் வேலைக்காரன். ராஜா கேட்டார், கண்டதைச் சொன்னான். அது வேலை, புறணி இல்லை. ஊரைக் கொன்றது அவன் கையிலிருந்த பட்டயம், நாக்கு இல்லை. பேச்சைத் திருப்பாதீர்கள். ஆரோனுக்குக் குஷ்டம், எந்த வசனம்?

தாமிரபரணி:
நீங்கள் இருவரும் ஆரோனின் தோலையே உரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோள் சொல்லித் திரியாதே என்ற லேவியராகமம் 19:16-க்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு: அயலானின் ரத்தம் சிந்தும்போது சும்மா நிற்காதே என்று ரபிகள் படிக்கும் பாதி. ஒரே வசனத்தில் வாயை மூடு என்பதும் வாயைத் திற என்பதும் சேர்ந்திருக்கின்றன. தீவிர வைதிக யூதச் சமூகங்களில் குழந்தைகளைச் சீரழித்தவர்களைப் பற்றிப் பேசவந்த பெற்றோரை, இது லஷோன் ஹரா என்று சொல்லி அடக்கிய நடப்பு அந்தச் சமூகத்துக்குள்ளேயே பெரிய வழக்கும் வாதமுமாக எழுந்தது. முதல் பாதியை மட்டும் படித்தால் வரும் தீங்கு இது.

இன்றைய பெலாருஸில் உள்ள ராதின் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த ரபி இஸ்ரவேல் மேயிர் ககான், 1873-ல் தன் பெயர் போடாமலே லஷோன் ஹரா சட்டங்களுக்கென்று ஒரு நூல் வெளியிட்டார், 'ஹஃபெட்ஸ் ஹயீம்' என்ற அந்த நூலின் பெயராலேயே அவரை உலகம் அழைக்கிறது. பேச்சைப் பற்றி அவ்வளவு கண்டிப்பான அந்த மனிதரே, ஒருவனுக்கு வரும் கேட்டைத் தடுக்கப் பேசலாம் என்று ஏழு நிபந்தனைகள் வகுத்தார்: நீயே கண்டிருக்கவேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, உள்ளத்தில் பகை இருக்கக் கூடாது, இப்படி. எனக்கு இதுதான் முக்கியம். மிரியாம் தோல் எந்த நிறம் என்பது இல்லை.

ஓலைச்சுவடி:
அக்கா, நீங்கள் சொல்வது பெரிய விஷயம்தான், அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து எழுதுகிறேன். இங்கே ஒருவர் பெண் இனத்தின் மேலேயே பழி போட்டுவிட்டு வசன எண் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கிறவனுக்குப் பேசுகிறவனைவிடப் பாவம் அதிகம் என்று மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். அண்ணன் ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பாளையங்கோட்டைக்காரன்:
என் பிள்ளைகளை இழுக்காதீர்கள். அவர்கள் ஒழுங்காகத்தான் வளர்ந்திருக்கிறார்கள், பெரியவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்றும் தெரியும். எஸ்தர் விஷயத்தில் நான் ஓடவில்லை, வீட்டில் விசேஷம் இருந்தது. அது உங்களுக்கும் தெரியும், தெரிந்தே எழுதுகிறீர்கள்.

தாமிரபரணி:
தனி இழையா? ஓலைச்சுவடி, பெண்களுக்காகச் சண்டை போடுகிறேன் என்கிறீர்கள், பேசவந்த பெண்ணை வெளியே போய்ப் பேசு என்கிறீர்கள். ஏழு நாள் கழித்துத் திரும்பி வரட்டுமா?

ஓலைச்சுவடி:
அக்கா, அப்படிச் சொல்லவில்லை, நீங்களும் திரிக்காதீர்கள். விசேஷமோ என்னவோ, அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை: 9-ம் வசனத்தில் "அவர்கள்மேல்" என்று இருக்கிறதா, இல்லையா?

பாளையங்கோட்டைக்காரன்:
கோபம் இருக்கிறது. குஷ்டம் எங்கே? எந்த வசனம்?