சென்ட்ரலுக்கும் எல்ஐசிக்கும் நடுவே என்ன கட்டலாம்?

வானளாவி:
சென்னையின் நடுப்பகுதிக்குப் புதிதாக ஓர் அடையாளம் கட்டலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்? என் ஆசை, தீவுத்திடலில் 200 மீட்டர் கோபுரம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பரங்கிமலை. 1959-ல் திறந்தபோது எல்ஐசிதான் இந்தியாவிலேயே உயரமான கட்டடம், 177 அடி. பழைய படங்களில் யாராவது பட்டணம் வந்தால் முதலில் சென்ட்ரல், அடுத்து எல்ஐசி. இன்றைக்கும் காட்ட அந்த இரண்டுதானே இருக்கிறது?

புதுப்பேட்டை வாசி:
சார், எல்ஐசியை யாரும் அடையாளம் வேண்டுமென்று கட்டவில்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் காப்பீட்டுக் கம்பெனிக்கு ஆபீஸ் கட்டத் தொடங்கினார். 1956-ல் காப்பீடு அரசுடைமையானதும் எல்ஐசி கைக்கு வந்தது. சென்ட்ரல் 1873, ரயிலுக்கு. ரிப்பன் மாளிகை 1913, மாநகராட்சிக்கு. எல்லாம் வேலைக்குக் கட்டியவை, புழங்கிப் புழங்கி நம்முடையவை ஆயின. அடையாளமாகவே கட்டியது வள்ளுவர் கோட்டம், 1976. தேர் மட்டும் 128 அடி. எத்தனை வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது! கோபுரம் கட்டப் பணம் வந்துவிடும். பத்து வருஷம் கழித்து லிஃப்ட் நின்றால் யார் பார்ப்பது?

வானளாவி:
பராமரிக்காதது நிர்வாகத்தின் தவறு, கட்டியது தவறில்லை. என் பிள்ளைகள் இந்த ஊரை உயரத்திலிருந்து பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

புதுப்பேட்டை வாசி:
மெரினா கலங்கரை விளக்கம் இருக்கிறதே. லிஃப்ட் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள்.

தறிக்காரர் பேத்தி:
உயரம் வேண்டாம். பார்க் டவுனிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கூவத்தின் மேல் அகலமான ஒரு நடைபாலம் வேண்டும், நடக்க மட்டும். சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை. பாலத்தின் கூரையை, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மாதிரி இழை இழையாக இழுத்துக் கட்டலாம், வெயில் வடிகட்டி விழும். என் தாத்தா பருத்தித் தறிக்காரர். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அறுந்த இழையைப் பாட்டி கண்ணால் தேட மாட்டார், விரலை ஓட்டியே கண்டுபிடித்து முடிந்துவிடுவார். அந்தக் கைவேலைக்கு இந்த ஊரில் ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

புதுப்பேட்டை வாசி:
நல்ல யோசனைதான் அம்மா. ஆனால் கூவத்தின் மேலா? பாலத்தில் சிக்னல் விழுந்தால் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தினமும் நிற்கிறேன். முதலில் சாக்கடை விழுவதை நிறுத்தட்டும்.

தறிக்காரர் பேத்தி:
அதற்காகத்தான் பாலம் கேட்கிறேன் அண்ணா. வண்டியில் போகிறவர் அரை நிமிஷத்தில் கடந்துவிடுகிறார். ஆயிரம் பேர் தினமும் நின்று பார்த்தால்தான் ஏன் இப்படி என்று கேள்வி வரும். கழிவு நீரைத் திருப்பும் வேலையையும் பாலத்தையும் ஒரே திட்டமாகக் கேட்போம்.

இரவுப்பணி:
நான் கேட்பது சின்ன விஷயம். போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு சென்ட்ரல் பக்கம் நடந்து வந்தோம். முட்டி வலி. உட்கார ஓர் இடம் இல்லை. வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு சுரங்கப்பாதைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிப் போனது. எழுந்து நிற்க கைப்பிடியும் எட்டவில்லை. பாலம் கட்டினால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை திண்ணை வையுங்கள். இரண்டு முனையிலும் கழிவறை, ராத்திரியும் திறந்திருக்கணும். நான் ஷிப்ட் முடித்து ரயில் பிடிக்க வருவதே 11 மணிக்கு.

வானளாவி:
உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்த பிறகு கோபுரம்தான் முதலில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபுர ஆசையை விடவில்லை. ஆனால் முதல் செலவு திண்ணை வைத்த பாலத்துக்கு என்றால் எனக்குச் சம்மதம்.

புதுப்பேட்டை வாசி:
எனக்கு இல்லை. சாக்கடை நின்ற பிறகு கேளுங்கள்.

தறிக்காரர் பேத்தி:
சரி அண்ணா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் உங்கள் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறியது? பாலத்தை அதற்கு மேலே வைக்கணும்.