டிரையர் கொதிக்கிறது, துணி மட்டும் காயவில்லை

கேள்வி: ஃபில்டரில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுகிறேன், ஆனாலும் துணி காய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, டிரையரைத் தொட முடியவில்லை. தீப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அதை ஓட்டாதீர்கள். சூடான காற்று வெளியே போகும் குழாய் அடைத்திருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கக் குழாயைக் கழற்றி நீளப் பிரஷ்ஷை விட்டு இழுங்கள், அப்புறம் வெளிச்சுவரில் இருக்கும் மூடி காற்றுக்கு நன்றாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கே கம்பிவலை இருந்தால் எடுத்துவிடுங்கள், பஞ்சு அதில்தான் அப்பிக்கொள்ளும். கேஸ் டிரையர் என்றால் நீங்கள் நகர்த்த வேண்டாம், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

பதில்: குழாய் பிளாஸ்டிக்கா? உடனே மாற்றுங்கள். உள்ளே வழவழப்பான 4 அங்குல உலோகக் குழாய்தான் சரி. இணைப்பில் ஸ்க்ரூ வேண்டாம், முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடிக்கும். அலுமினிய டேப் ஒட்டுங்கள்.

பதில்: ஃபில்டரை வெளியே எடுத்து அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் வலையில் படலம் படிந்திருக்கிறது, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.