அத்தை வீட்டுக் கிண்ணத்துக்கு வந்த சிக்கு வாடை

யீஷூன் அத்தை: அண்ணே, தீபாவளிக்கு நீங்க கடைஞ்சு குடுத்த மரக்கிண்ணம் ஒரே சிக்கு வாடை. தொட்டா பிசுபிசுங்குது வேற.

பிடோக் பெரியப்பா: என்னத்தத் தடவின?

யீஷூன் அத்தை: வறண்டு போச்சேன்னு தேங்காய் எண்ணெய்தான். வெள்ளிக்கு வெள்ளி.

நான்: தலைக்கு வச்சாலும் மறுநாள் அலசுவோமே அத்தை

பிடோக் பெரியப்பா: தேங்காய் எண்ணெய் காயவே காயாது. நல்லெண்ணெயும் சரியா இறுகாது. மரத்துக்குள்ளயே கெடந்து காறிப் போகும். இந்த சிங்கப்பூர் வெக்கைக்குக் கேக்கணுமா. ஆளி விதை எண்ணெய், டங் மரக்கொட்டை எண்ணெய், வால்நட் எண்ணெய் எல்லாம் வேற சாதி. காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கிட்டு இறுகிடும்.

ஜூரோங் தம்பி: வால்நட் வேணாம் பெரியப்பா, நம்ம குட்டிக்கு ஒத்துக்காது

பிடோக் பெரியப்பா: அதுக்காகத்தான் நான் ஆளி விதையோட நிறுத்திக்கிட்டேன்.

நான்: ஹார்ட்வேர் கடையில ‘பாயில்ட்’ ஆளி விதை எண்ணெய்னு டின்ல இருக்கே, அதுவா?

பிடோக் பெரியப்பா: பேரைப் பாத்து காய்ச்சினதுன்னு நெனச்சிடாத. சீக்கிரம் காயணும்னு பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசுன்னு கலந்திருப்பாங்க. மேசைக் காலுக்கு சரி, சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு நான் தொடமாட்டேன். பேரங்காடியில குடிக்கிறதுக்குன்னு விக்கிற ஆளி விதை எண்ணெயே போதும். என்ன, இறுக வாரக்கணக்குல ஆகும். மெல்லிசாத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைச்சிடணும். துடைக்காம விட்டா மேல பிசின் மாதிரி நிக்கும்.

ஜூரோங் தம்பி: மத்தியானம் நான் முக்காலிக் காலுக்கு அந்த டின் எண்ணெயத்தான் போட்டேன். சும்மா பளபளன்னு இருக்கு.

பிடோக் பெரியப்பா: துடைச்ச துணி எங்க?

ஜூரோங் தம்பி: சுருட்டி பிளாஸ்டிக் பையில கட்டி வச்சிருக்கேன்

பிடோக் பெரியப்பா: அவுத்து வெளிய எடு. இப்பவே.

பிடோக் பெரியப்பா: போனை எடுடா

ஜூரோங் தம்பி: எடுத்துட்டேன். வெதுவெதுன்னு இருக்கு பெரியப்பா!!

பிடோக் பெரியப்பா: அந்த எண்ணெய் காயும்போது தானாவே சூடு விடும். விரிச்சிருந்தா சூடு காத்தோட போயிடும். சுருட்டி வச்சா உள்ளயே ஏறி ஏறி தானா பத்திக்கும், தீக்குச்சியே வேணாம். தண்ணியில முக்கி, ஒண்ணொண்ணா விரிச்சுப் போடு. அப்பளமா வெறைச்சப்புறம் குப்பைக்குப் போகட்டும்.

யீஷூன் அத்தை: ஐயோ முருகா. என் தேங்காய் எண்ணெயே தேவல போல

பிடோக் பெரியப்பா: அது தானா பத்திக்காது, நாறும். கிண்ணத்தை சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவி, நிழல்ல ரெண்டு மூணு நாள் காயவிட்டுக் கொண்டா. இழைச்சு மறுபடி போட்டுத் தரேன். வாடை முழுசாப் போகும்னு சத்தியம் பண்ணமாட்டேன்.

நான்: நீங்க மேல ஒரு மெழுகும் பூசுவீங்களே பெரியப்பா?

பிடோக் பெரியப்பா: தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு. நேரா அடுப்புல வைக்காத, சுடுதண்ணிச் சட்டிக்குள்ள இன்னொரு கிண்ணம் வச்சு உருக்கணும். கடைசல் மெஷின்ல கிண்ணம் சுத்தும்போதே டிஷ்யூவால அழுத்தினா உரசுற சூட்டுல இளகி உள்ள போகும். துணி வேணாம், மெஷின்ல சிக்கினா விரலையும் சேத்து இழுத்துடும். டிஷ்யூன்னா கிழிஞ்சிடும், தப்பிச்சோம். அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் ஞாபகம் இருக்கா? அரக்குக் கட்டியை சுத்துற மரத்துல வச்சு அழுத்துவான், அந்தச் சூட்டுலயே உருகிப் பிடிக்கும். கர்நாடகாவுல மரப்பொம்மை கடையுற சன்னபட்டணத்துக்காரன் அதுக்கு மேல தாழை ஓலையால தேய்ச்சு மெருகு ஏத்துவான். எனக்கு இங்க தாழைக்கு எங்க போறது, டிஷ்யூதான்.

யீஷூன் அத்தை: சரிண்ணே, அதுல சுண்டல் வைக்கலாமா?

பிடோக் பெரியப்பா: ஆறின சுண்டல். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல இளகிடும். ரசத்தை ஊத்திட்டு என்னைத் திட்டாத.

ஜூரோங் தம்பி: துணியெல்லாம் விரிச்சாச்சு. இது என்ன புதுத் தோரணம்னு இவ கேக்குறா.