வாரண்ட் இருக்கும்போது உள்நாட்டு விமானத்தில் போகலாமா?

வணக்கம். டெக்சாஸில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். என் மச்சான் டாலஸில் வேலை பார்க்கிறான். வேகமாக ஓட்டியதற்குக் கொடுத்த டிக்கெட்டுக்குப் பணமும் கட்டவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. இப்போது அவன் பெயரில் வாரண்ட். அங்கே இது கிளாஸ் சி மிஸ்டிமீனர், அதாவது மிகச் சிறிய வகைக் குற்றம். அபராதம்தான், சிறைத் தண்டனை கிடையாது. ஆனாலும் வாரண்ட் வாரண்ட்தானே!

அடுத்த மாதம் சிகாகோவில் ஒரு கல்யாணம், விமானத்தில் போயாக வேண்டும். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்யும் டிஎஸ்ஏ ஆட்கள் அடையாள அட்டையையும் கண்காணிப்புப் பட்டியலையும்தான் பார்ப்பார்கள், இந்த மாதிரி சின்ன வாரண்ட்டை வழக்கமாகத் தேடுவதில்லை என்பது தெரியும். என் பயம் வேறு. ஏதோ ஒரு தகராறில் விமான நிலைய போலீஸ் அவன் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தால்? போதாததற்கு அவன் இருப்பது எச்1பி வேலை விசாவில். கைது என்று பதிவானால் அடுத்த முறை பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் செய்யப் போகும்போது கேள்வி வரும்.

கிளம்பும் முன்பே தீர்த்துவிடு என்கிறேன். வக்கீல் மூலம் பாண்ட் (ஜாமீன்) கட்டி வாரண்ட்டை நீக்கியவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு செலவானது? நீக்கியது போலீஸ் பதிவில் ஏற எத்தனை நாள் ஆனது? அப்புறம், “ஒன்றும் ஆகாது, போய் வா” என்ற பதில் மட்டும் வேண்டாம். அது அவனிடமே நிறைய இருக்கிறது.