குளச்சல், முட்டம் பக்கம் தோட்டத்து வீட்டில் நாலு நாள்: முட்டிவலி அம்மா, இரண்டு வாண்டுகளோடு சரிப்படுமா?

ரயிலடி_கோவை கேட்டது:

வணக்கம். மே இரண்டாம் வாரம் குடும்பத்தோடு குமரி மாவட்டம் வரலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரி, பையன் (9), பாப்பா (5), அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம், படி என்றாலே பயம்.

மூன்று வருஷம் முன்னாடி கன்னியாகுமரி முனையில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். சூரிய உதயம், படகு வரிசை, சங்கு மாலைக் கடை, மறுபடி லாட்ஜ், அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்கப் பிள்ளைகள் டிவிதான் பார்த்தார்கள், அதற்குக் கோவையிலேயே இருந்திருக்கலாம். அதனால் இந்தத் தடவை தோட்டத்துக்குள் ஒரு வீடு, பக்கத்தில் கடல், வேறு ஒன்றும் வேண்டாம் என்று தேடியதில் இரண்டு வீடு கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று முட்டம் பக்கம், தென்னைகளுக்கு நடுவே, திண்ணையில் உட்கார்ந்தால் கடல் தெரியுமாம், போட்டோவில் ஊஞ்சல், நீச்சல் தொட்டி எல்லாம் இருக்கிறது. இன்னொன்று திங்கள்நகரில் இருந்து கொஞ்சம் உள்ளே, பழைய ஓட்டு வீடு, சுற்றிலும் வாழையும் மரவள்ளியும், கடலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் என்கிறார்கள். முதல் வீட்டு வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டில் எல்லோரும் அதற்கே ஓட்டுப் போட்டுவிட்டார்கள், அம்மா மட்டும் "எனக்கு ஒரு கட்டிலும் ஃபேனும் போதும்டா" என்கிறார்.

அங்கே கடலில் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாமா? மே மாத வெயில் தாங்குமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கார் இல்லை, கோவை–நாகர்கோவில் ராத்திரி ரயிலில் வருகிறோம்.

மட்டிப்பழம்:

அண்ணே, நான் திங்கள்நகர் பக்கத்துக்காரன், அதனால் என் பேச்சில் ஊர்ப்பாசம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வீட்டை எடுங்கள்.

நாங்கள் இதைத் தோட்டம் என்று சொல்வது குறைவு, விளை என்போம். இந்த மாவட்டத்து ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், எத்தனையோ ஊர் விளை என்றுதான் முடியும். தென்னை, அதன் நடுவே வாழை, இடையில் மரச்சீனி (நீங்கள் சொல்லும் மரவள்ளிதான்), வேலியோரம் ஒரு சக்கை மரம் (பலாதான்), அதில் ஏறிக் கிடக்கும் நல்லமிளகுக் கொடி (உங்கள் ஊர் மிளகு), இவ்வளவுக்கும் நடுவில் வீடும் கிணறும். பிள்ளைகளை அதற்குள் விட்டால் சாப்பிடக் கூப்பிடத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும். மே மாதம் என்றால் சக்கையும் மாங்காயும் காய்த்துக் கிடக்கும், நுங்கும் இருக்கும். காலையில் பனை ஏறுகிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அக்கானி கிடைக்கும், அதாவது பதநீர். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் அதன் ருசியே வேறு.

கடலோர வீட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, கதவுக் கீல், ஏசி எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும், சில இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். அலைச்சத்தம் முதல் ராத்திரி நன்றாக இருக்கும். மூன்றாம் ராத்திரி அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி கடல். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டம், குளச்சல், லெமூர், தேங்காய்ப்பட்டணம், எந்தக் கரையாக இருந்தாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். எங்கள் ஊரில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இங்கே காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் தெற்கே எங்கோ இந்துமாக்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து இங்கே கரையேறும். சொல்லாமல் கொள்ளாமல் வருவதால்தான் கள்ளன் என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில்தான் அது அதிகம், நீங்கள் வருவதும் அப்போதுதான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது நினைவிருக்கும். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், செய்தியிலும் வரும், அன்றைக்குக் கரைக்கே போகாதீர்கள். மற்ற நாட்களில் சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ மணல் அகலமாக இருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் அலை தொடாத தூரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளை மணலில் விளையாட விடுங்கள். குளியல் கிணற்றடியில் வைத்துக்கொள்ளலாம். வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிப் பாருங்கள், உங்கள் பையன் கடலைக் கேட்கவே மாட்டான்.

வெளியூர்_மருமகள்:

மட்டிப்பழம் தம்பி சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் மாமியாரோடு இதே மாதிரி ஒரு கடலோரத் தோட்ட வீட்டுக்குப் போனோம், எந்த வீடு என்று சொல்ல விரும்பவில்லை. "கடலுக்கு நடந்தே போகலாம்" என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை, நடந்தே போகலாம்தான், ஆனால் பாறையில் வெட்டிய படி, கைப்பிடி கிடையாது, பாதி இடத்தில் மணல் சறுக்கும். மாமியார் நாலு நாளும் திண்ணையில் உட்கார்ந்து தூரத்தில் கடலைப் பார்த்ததோடு சரி.

அதைவிடப் பெரிய கூத்து குளியலறை. வாசல் நிலைக்கு ஒரு படி, உள்ளே இறங்க ஒரு படி, அப்புறம் கக்கூஸ் மேடைக்கு ஏற இன்னொரு படி, அதுவும் சும்மா இல்லை, என் முழங்கால் உயரம், அவ்வளவு ஏறி உட்கார்ந்தால் இந்தியன் கக்கூஸ். போட்டோவில் வாஷ்பேசினும் கண்ணாடியும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தார்கள், கெட்டிக்காரர்கள். ராத்திரி இரண்டு தடவை மாமியாரை நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கை பிடித்து ஏற்றி இறக்கினோம். நீச்சல் தொட்டித் தண்ணீர் பாசி பிடித்து ஒரே பச்சை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றும், மோட்டார் ஓடாது, ஆகவே குழாயில் தண்ணீர் வராது. கேட்டால் "கிணறு இருக்கே அக்கா" என்கிறார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். இருக்கிறது, கயிறும் வாளியும் எங்கே தம்பி?

அதனால் அண்ணா, அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் உரிமையாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கேட்டில் இருந்து நடந்துவந்து, வாசல் ஏறி, அம்மா படுக்கப்போகிற அறைக்குள் போய், குளியலறைக் கதவைத் திறந்து, கக்கூஸ் வரைக்கும் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தாமல். அனுப்புகிறவர் வீட்டை எடுங்கள். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார்" என்கிறவரை விட்டுவிடுங்கள். பழைய ஓட்டு வீடு என்கிறீர்கள், அதிலும் நிலைப்படி உயரமாக இருக்க வாய்ப்பு உண்டு, திண்ணைக்கு எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள்.

கொசுவலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாழைத் தோட்டம் என்றால் கொசு உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

ரப்பர்பால்:

மே மாதம் கடலே வேண்டாம் என்பேன். வியர்வை, உப்பு, கூட்டம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மேலே வாங்க, ரப்பர் எஸ்டேட்டுக்குள் வீடு கிடைக்கும், ராத்திரி ஃபேன் குறைத்து வைக்கலாம். திற்பரப்பில் குளிக்கலாம். முட்டத்துக்கு ஒரு நாள் காரில் போய் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும், அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது?

ரயிலடி_கோவை:

ரப்பர்பால் நண்பரே, மலை எங்களுக்கு வால்பாறையும் ஊட்டியும் பக்கத்திலேயே இருக்கிறது, எங்களுக்கு இல்லாதது கடல்தான். அது குளிக்க முடியாத கடல் என்று இப்போதுதான் தெரிகிறது :)

மருமகள் அக்கா, வீடியோ யோசனைக்கு நன்றி, இன்றைக்கே இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். அம்மா மீன் சாப்பிடுவார், ஆனால் கோவையில் ஐஸில் வந்த மீனைத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார்.

வள்ளியாற்றங்கரை:

மீன் என்றதும் ஓடி வந்துவிட்டேன்.

முதலில் ஒரு விஷயம், வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. இந்த ஒரே மாவட்டத்துக்குள் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, சின்னமுட்டம் துறைமுகம் அதில் வரும். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் இதில் வரும். அதாவது மே இரண்டாம் வாரம் முனைப் பக்கம் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், குளச்சல் பக்கம் போய் வந்துகொண்டிருக்கும். உங்களுக்கு நல்ல நேரம்தான்.

காலையில் ஒரு ஆட்டோ பிடித்துக் குளச்சல் கரைக்குப் போங்கள், பையனையும் கூட்டிப் போங்கள். ஏலம் விடுகிறவர் விலை சொல்லும் வேகத்தில் உங்களுக்கு ஒன்றும் புரியாது, எனக்கே பாதிதான் புரியும். ஏலத்தில் கை வைக்காதீர்கள், அது வியாபாரிகளுக்கு. எடுத்தவர்களிடம் இருந்து வாங்கிக் கரையிலேயே கூறு போட்டு விற்கிற பெண்கள் இருப்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். சாளை (மத்தி), நெத்தலி, அயிலை (கானாங்கெளுத்தி) கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். நெய்மீன் (வஞ்சிரம்) விலை அதிகம், அதைக் கோவையிலேயே வாங்கித் தின்னலாம். சாளையைக் கையில் எடுத்தால் வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும், கண் கலங்கியிருக்கக் கூடாது, செவுளைத் தூக்கினால் உள்ளே ரத்தச் சிவப்பு. அந்த மீனை நல்லமிளகும் தேங்காயும் அரைத்து வைத்தால், வேகவைத்த மரச்சீனிக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அம்மாவுக்கு முள் எடுத்துக்கொடுக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

சமையலுக்கு, விளை வீடு என்றால் பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு அக்கா இருப்பார், வீட்டைப் பெருக்குகிறவரே சமைத்தும் கொடுப்பார். ஓட்டல் மாதிரி மெனு கேட்காதீர்கள். சாமான் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், கூலியை முதல் நாளே பேசிவிடுங்கள், அப்புறம் அவர் வீட்டில் அன்றைக்கு என்ன வைப்பாரோ அதையே வைக்கச் சொல்லுங்கள். உள்ளித் தீயல் (தேங்காய் வறுத்து அரைத்த சின்ன வெங்காயப் புளிக்குழம்பு), புளிசேரி (மோர்க்குழம்பு மாதிரி), அவியல் எல்லாம் அப்படித்தான் கிடைக்கும். "வெளியூர்க்காரர்களுக்கு எதற்கு இது" என்று சப்பாத்தியும் குருமாவும் செய்யப் பார்ப்பார், விடாதீர்கள்.

பாப்பாவுக்கு மட்டிப்பழம். மேலே எழுதிய தம்பியைச் சொல்லவில்லை. இது ஒரு வகை வாழைப்பழம், விரல் மாதிரி சின்னதாக, நுனி மூக்கு மாதிரி கூர்ந்து, தோல் மெல்லிசாக இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறூட்டத் தொடங்குகிற வயதில் இதைத்தான் மசித்துக் கொடுப்போம். 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு குலை வாங்கித் திண்ணையில் கட்டித் தொங்கவிட்டால், போகிற வருகிற போதெல்லாம் ஆளுக்கொன்று பிய்த்துக்கொள்வார்கள், இரண்டு நாள் தாங்கினால் ஆச்சரியம்.

ரயிலடி_கோவை:

மறுபடி நான்தான். திங்கள்நகர் வீட்டுக்காரர் ராத்திரியே வீடியோ அனுப்பிவிட்டார். திண்ணைக்கு மூன்று படி, பக்கத்தில் கைப்பிடி இல்லை, ஆனால் பின்கட்டு வழியாகப் போனால் ஒரே படிதான், அவரே காட்டினார். வெஸ்டர்ன் கக்கூஸ். கிணறு கம்பி வலை போட்டு மூடியிருக்கிறது, பாப்பாவை நினைத்து நானே கேட்க இருந்தேன். வீடியோ முடிகிற நேரத்தில் ஒரு கோழி குறுக்கே ஓடியது, அதைப் பார்த்து வீட்டில் ஓட்டெல்லாம் கட்சி மாறிவிட்டது. முட்டம் வீட்டுக்காரர் "சார் நேரில் வந்து பாருங்க" என்றார்.

அட்வான்ஸ் போட்டாயிற்று. வியாழன் காலை வந்து ஞாயிறு ராத்திரி ரயில். நடுவில் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை, ஒரு நாள் மாத்தூர் தொட்டிப்பாலம், ஒரு சாயங்காலம் முட்டம். பையன் கண்ணாடிப் பாலம் கேட்கிறான். இதில் அம்மாவை எதற்கெல்லாம் கூட்டிப் போகலாம்?

மட்டிப்பழம்:

நல்ல வீடுதான் போல. சரி, ஒவ்வொன்றாக.

கண்ணாடிப் பாலம் 77 மீட்டர்தான், ஆனால் அது இருப்பது விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே, அதாவது அதை மிதிக்கவே படகு ஏற வேண்டும், வரிசை நிற்க வேண்டும், பாறையில் படி ஏற வேண்டும். மே மாதம் பள்ளி லீவு, வரிசை நீளமாக இருக்கும். நீங்களும் பையனும் மட்டும் ஒரு நாள் விடியலில் கிளம்பிப் போய்விட்டு வாருங்கள், அம்மாவும் அண்ணியும் பாப்பாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அரண்மனைக்குச் சனிக்கிழமை வேண்டாம், வெள்ளி காலை திறந்ததும் போங்கள். திங்கள் விடுமுறை, அது உங்களுக்கு இடிக்கவில்லை. இருப்பது நம் மாவட்டத்தில், ஆனால் 1956ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரள அரசிடமே இருக்கிறது, டிக்கெட் அவர்கள்தான் கொடுப்பார்கள். உள்ளே செருப்பு போடக் கூடாது, மாடிக்கு ஏறும் மர ஏணிப்படிகள் ஒடுக்கமாகச் செங்குத்தாக இருக்கும், அம்மாவால் முடியாது. கீழ்த்தளத்தில் பார்க்கிறவரை பார்த்துவிட்டு வாசலில் உட்காரச் சொல்லுங்கள், தரையே கண்ணாடி மாதிரி பளபளக்கும், குளிர்ச்சியாக இருக்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலம், அதாவது ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம், அங்கே அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். 115 அடி உயரம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாலையில் இருந்து நேராகப் பாலத்துக்கு மேல் மட்டமாகவே நடந்து போகலாம், கீழே ஆற்றுக்கு இறங்கினால்தான் படி. பாப்பா கையை மட்டும் விடாதீர்கள்.

நாகர்கோவிலில் இறங்கியதும் ஸ்டேஷன் வாசலிலேயே வண்டி பேசாதீர்கள், வீட்டுக்காரரிடம் சொன்னால் அவருக்குத் தெரிந்த ஆட்டோவோ காரோ அனுப்புவார், நாலு நாளுக்கும் அவரையே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்த வீடியோவில் வேலியோரம் ஒரு அயினி மரம் நிற்கிறதா பாருங்கள். நின்றால், மே மாதம் பழம் விழும், சக்கையின் குட்டி மாதிரி இருக்கும். கோழிக்கு முன்னால் எழுந்து பொறுக்கச் சொல்லுங்கள் பையனை.